இருமல்

காலை ஏழரை. ஈசூன்.
திடலில் அத்தனை கைமுட்டிகளும்
அத்தனை நெஞ்சுகளில்.
ஐந்தாம் வகுப்பு, மூன்றாம் வரிசையில்
ஏனோக்கின் கைகள் மட்டும்
கால்சட்டைத் தையலோடு ஒட்டிக் கிடந்தன.

நேராகத்தான் நின்றான்.
கொடி ஏறும்போது சிரிக்கவில்லை, சொறியவில்லை.
பக்கத்துப் பையன்
வாயால் உறுதிமொழி சொல்லிக்கொண்டே
முன்னால் நிற்பவளின் பின்னலில்
காய்ந்த இலைகளைச் செருகிக்கொண்டிருந்தான்.
அவன் பெயரை யாரும் எழுதவில்லை.

"உதட்டையாவது அசைக்கட்டுமே" என்றார்
துணை முதல்வர் குவெக்.
நல்லவர். போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் என்றதும்
தன் காரிலேயே கொண்டுவிட்டவர்.
அவர் சொன்னதைத் தமிழாக்கி
பையனின் அம்மாவிடம் தருவது
என் வேலை.

சாங்கியில் இரவெல்லாம் சரக்குப் பெட்டிகளோடு இருந்துவிட்டு
மின்னும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல்
வந்திருந்தார் பியூலா.
"சத்தமில்லாமச் சொன்னாப் போதுமாம்" என்றேன்.
"அதுக்குப் பேரு சத்தியமா, டீச்சர்?"

என்ன சொல்கிறார் என்று கேட்டார் குவெக்.
யோசிக்கிறாராம் என்றேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு, சமூக மன்றத்தில்,
வலக்கை தூக்கி நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன்.
பழைய கடப்பிதழை முன்பே ஒப்படைத்தாயிற்று.
ஒலிவாங்கி கிறீச்சிட்டது.
துறக்கிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில்
எனக்கு இருமல் வந்தது.
அது அடங்குவதற்குள் மற்றவர்கள்
விசுவாசம் வரைக்கும் போய்விட்டார்கள்.
கிளம்பிவிட்ட பேருந்தில் தொற்றுவதுபோல
மீதியைப் பிடித்துக்கொண்டேன்.
கைதட்டினார்கள்.
பிறகு பீஹூன், கறிபாப்.

குளிர்சாதனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று
கணவரிடம் சொன்னேன்.
இன்றுவரை எனக்கே தெரியாது
அது இருமல்தானா என்று.

இந்த ஊர் எனக்குப் பிடிக்கும். அது வேறு.
பதினொரு மணி இரவில் பேருந்தின் மேல்தளத்தில்
பை திறந்தபடி தூங்கிக்கொண்டு வருவேன்.
பிடிக்கும் என்று சொல்லும்படி
யாரும் என்னைக் கேட்டதில்லை.
அதனால்தானோ என்னவோ
அதில் இன்னும் பொய் கலக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு:
அவனுக்குச் சத்தியம் சர்க்கரைப் பொங்கல் என்று.
தினமும் காலை ஏழரைக்கு
கை கழுவாமல்கூடச் சாப்பிடுகிறேன்.

வியாழக்கிழமை, பள்ளிக்கு வரவேண்டாம் என்ற கடிதம்
அவன் கையில்.
அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
ஒழுங்கீனம் என்று எழுதி அடித்தேன்.
மறுப்பு என்று எழுதி, அதையும்.
அதற்குமேல் கட்டத்தில் இடமில்லை.

போனவன் வாசலிலிருந்து திரும்பி வந்தான்.
பையைத் துழாவினான்.
பேனா கேட்கப்போகிறான், அழப்போகிறான்,
ஏதோ ஒன்று என்று நினைத்தேன்.
கணவாய்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம்.
"நூலகத்தோடது, டீச்சர். நாளைக்குத் தரணும்.
தர்றேன்னு சொல்லி வாங்கிட்டேன்.
நீங்க கொடுத்துடுவீங்களா?"

கொடுத்துவிடுகிறேன் என்றேன்.
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்,
சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல.

இன்னொரு முறை சொன்னேன்,
இருமாமல்.