மிச்ச அழுத்தம்

மார்கழியில் பனிச்சங்கேணிக்கு இங்கால
தாம்போதியில் அச்சு முட்டத் தண்ணீர்.
இறங்கி ஏறிய டட்சனுக்கு
அதன்பிறகு அரை மைலுக்குப் பிரேக் கிடையாது.
டிரம்முக்குள் போன தண்ணீர்
தானாக மனம்வைத்துக் காய வேண்டும்.
மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி,
வண்டி தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும்.
பிறகு இடது பக்கம் மட்டும் முதலில் காயும்.
அப்போது மிதித்தால்
கூப்பிடாத வளவுக்குள் திரும்பும்.
அப்படித்தான் ஒருநாள் தங்கேஸ்வரி அக்காவின் வேலிக்குள்
போய் நின்றேன், பன்னிரண்டு ஐஸ் கட்டியோடு.
பல் விளக்கிக்கொண்டிருந்தவ
துப்பிவிட்டுச் சொன்னா,
"நான் ஐஸ் கேக்கல்லயே தம்பி."

சீட்டு விழுந்தது. அறுபத்தெட்டாயிரம்.
குசினிக்குத் தகரம் என்று
பவளராணி மனதுக்குள் அடித்து முடித்திருந்த காசு.
"ஓடுறத்துக்கு ஒரு ஆணி வாங்கல்ல,
நிக்கிறத்துக்கா இவ்வளவு?"
பதில் இருந்தது. ஆனால்
வேலிக் கதையை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

ஓட்டமாவடி, நௌஷீதின் கராஜ்.
சாய்ந்தமருதில் யாரோ உடைத்த சன்னியின்
முன்கால் இரண்டும் உரப்பையில் வந்து இறங்கின.
தட்டுகளில் துரு.
லேத்தில் பிடிக்கப் பிடிக்க
கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுக் கோப்பையின் வெளிச்சம்.

பழைய டிரம்மைக் கழற்ற மூன்று மணித்தியாலம்.
சுத்தியல், பிறகு தீ, பிறகு கெட்ட வார்த்தை.
உள்ளே கறுப்புத் தூள்.
பதினொரு வருடம் நான் நின்ற இடமெல்லாம்
சேர்ந்து ஒரு கைப்பிடி.
ஊதப் போனேன்.
"ஊதாதீங்க, நெஞ்சுக்குக் கூடா" என்று
ஈரத் துணியால் துடைத்து எடுத்தான்.

பன்னிரண்டு அங்குல ரிம் கலிப்பரில் உரசியது.
பதின்மூன்று தேடி வாழைச்சேனைக்கு ஒரு நடை.
கிடைத்த இரண்டும் இரண்டு நிறம்.

மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து
ஒரு சின்ன வால்வைக் கிண்டி எடுத்தான்.
"டிரம்முக்கு இது வேணும்.
நீங்க காலை எடுத்தாலும் லைனுக்குள்ள
கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வெச்சிரிக்கும்.
டிஸ்க்குக்கு ஆகா.
விட்டா விட்டதுதான்."
என் சட்டைப் பைக்குள் போட்டான்.

மஃரிபுக்கு முன் காற்று எடுத்தோம்.
அவன் கீழே, நான் மேலே.
"மிதிங்க. மிதிங்க. மிதிங்க. பிடிங்க."
பிடித்தேன்.
போத்தலுக்குள் குமிழி, குமிழி,
பிறகு வெறும் எண்ணெய்.
"விடுங்க."
"விடுங்க ரூபன்!"
"மனிசா, காலை எடுங்க!"

இந்த வீதியில் லொறி ஓட்டிய காலம்
மைலுக்கொரு தடி,
தடிக்கொரு டோர்ச் வெளிச்சம்.
நில் என்று சொல்லுமுன் நின்றுவிட வேண்டும்,
போ என்று சொன்ன பிறகும்
கொஞ்சம் நிற்க வேண்டும்.

நௌஷீத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
நிப்பிளை இறுக்கினான். அடுத்த சில்லுக்குப் போனான்.

விடியற்புறம். பன்னிரண்டு கட்டி,
உமி தூவி, சாக்கு மூடி.
அதே தாம்போதி. அதே தண்ணீர்.
ஏறியதும் எருமைகள்,
காலையில் வேறு வேலை இல்லாதவை,
வீதியை நிறைத்து.
மிதித்தேன்.
நின்றது.
அடிமட்டம் வைத்துக் கோடு கீறியது போல
நேராக நின்றது.

ஐஸ் நிற்கவில்லை.
அதற்கு யாரும் டிஸ்க் பூட்டியிருக்கவில்லை.
பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு
ஒரு கட்டி உள்ளே வந்து
பக்கத்து சீட்டில்
காசு கொடுத்த ஆள் மாதிரி இருந்தது.

எருமைகள் அவசரப்படவில்லை.
கடைசிக் கன்று கரையேறியதும்
காலை எடுத்தேன்.
பெடல் எனக்கு முன்னே மேலே வந்திருந்தது.

கண்ணாடிக்கு நாலாயிரத்து ஐந்நூறு என்பார்கள்.
இன்றைக்குப் பவளராணியிடம் சொல்ல வேண்டும்.
வேலியில் இருந்து
தொடங்க வேண்டும்.