விட்டுவைத்தலும்

பிரிவு ஆறைத் தட்டச்சு செய்தவள் நான்:
"உணவிடல் என்பதில்
விட்டுவைத்தலும் அடங்கும்."
அந்த ஒரு 'உம்'மைச் சேர்க்க
நகராட்சிக் கூட்டம் ஒரு மாலை முழுக்கப் பேசியது.
பறவைத் தீனி, குப்பைத் தொட்டி, நாய்த் தட்டு,
மரத்தடியில் உதிர்ந்த பழம்.
முதல்முறைக்கு இருநூற்று முப்பது டாலர்.

வால்ட்டர் ஸ்ட்ரெலாயெஃப் வாசலில் நின்று
நோட்டீஸை இரண்டுமுறை படித்தார்.
"நான் யாருக்கும் எதுவும் போடவில்லை.
மரம் போடுகிறது.
மரத்தின் பேருக்கு எழுதுங்கள்."
அவர் முதுகுக்குப் பின்னால் பிளம் மரம்
ஊதாச் சுமையில் வேலிவரை வளைந்திருந்தது.
காற்றே இல்லாமல் ஒன்று விழுந்தது,
சாட்சி சொல்ல வந்ததுபோல்.

சிரித்திருப்பேன்,
போன அக்டோபர் இல்லாவிட்டால்.
பள்ளியின் கார் நிறுத்தத்தில் இரண்டு வயதுக் கரடி.
வனத்துறைக்காரர் குறிபார்க்க
டார்ச் பிடித்தவளும் நான்.
வயிற்றில் இருந்தவை: பிளம் கொட்டைகள்,
சூரியகாந்தி விதை,
பிறந்தநாள் மெழுகுவத்தி ஒன்று, பாதி எரிந்தது.
அதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
நெடுநேரம் தெரியவில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"ஏணி இருக்கிறதா?" என்றேன்.
"ஏணி இருக்கிறது. முட்டிதான் இல்லை."

வேலை நேரம் முடிந்ததும்
சீருடைச் சட்டையைக் காரில் போட்டுவிட்டு ஏறினேன்.
கூட்டனே நதி கீழே கறுத்துக்கொண்டிருந்தது.
புகார் கொடுத்த எதிர்வீட்டு டெனிஸ்
திரையை விலக்கிப் பார்த்தாள், மூடினாள்,
கொஞ்ச நேரம் கழித்து
தன் வீட்டு வாளியோடு வந்தாள்.
யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.
பதினொரு வாளி.

ஒன்பதரைக்கு அது வந்தது.
ஒரு காது கிழிந்தது.
வேலிக்கு அப்பால் நின்று வெறுந்தரையை முகர்ந்தது,
போன வருஷம் இங்கேதானே என்று
இன்னொருமுறை முகர்ந்தது,
எங்கள் மூவரையும் பார்த்தது.
பந்தியில் உட்கார்ந்தவனைக்
கைப்பிடித்து எழுப்பிவிட்ட மாதிரி
எனக்கு முகம் எரிந்தது.
பிறகு மலைப்பக்கம் திரும்பி
அவசரமே இல்லாமல்
உயிரோடு நடந்துபோனது.

அபராதம் அபராதம்தான்.
ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை.
அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை என் கார்மேல் ஒரு பாட்டில் ஜாம்.
ஊழியர் விதிப்படி வாங்கக் கூடாது.
கையில் யாரும் கொடுக்கவில்லை,
விட்டுவைத்திருந்தார்கள்.

மூடியை இறுக்கித் திருகி
முன் இருக்கையில் வைத்து
கண்ணாடி நான்கையும் மேலேற்றினேன்,
வாசனை வெளியே போகாதபடி.