காயாத ஒன்று

டிராம் ஓட்டி உல்டிஸுக்கு
நாற்பத்தோரு வயதில் சின்னம்மை.
டிப்போவில் சிரித்தார்களாம்.

டாக்னியாவுக்கு இதுவரை வந்ததில்லை;
வயிற்றில் ஐந்தாம் மாதம்.
அன்றே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்,
பல்துலக்கும் பிரஷைக்கூட மறந்து.

லியெபாயாவில் மூன்றரைக்கே இருட்டுகிறது.
அவனுடைய டிராமை வேறொருவன்
வளைவில் கிறீச்சிட ஓட்டுகிறான்.
மெதுவா, மெதுவா
என்கிறான் ஜன்னல் கண்ணாடியிடம்.

பனியில் வந்து நின்று
ஸ்கேன் படத்தைத்
தெருவிளக்குக்கு நேரே பிடிக்கிறாள்.
மூன்றாம் மாடிக்குச்
சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிகிறது.
மூக்கா, முழங்காலா?
போனில் கேட்கிறான்.
உன் பிடிவாதம், என்கிறாள்.

எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது.
இடக்காதுக்குப் பின்னால் மட்டும் ஒன்று
இன்னும் ஈரம்.

கதவுச் சங்கிலியைக்
கழற்றிவிட்டு
மறுபடி மாட்டுகிறான்.