அறுபத்தாறு அடி

கோடு போட்டால் ரோடு போடுவார்கள் என்பது வழக்கு.
எங்கள் கவுண்டியில் ரோடு முதலில் இருந்தது.
கோட்டை நான் போட்டேன்,
செவ்வாய்க்கிழமை, மதிய உணவுக்குச் சற்று முன்,
ஊதா நிறத்தில்.

வளர்ச்சி மாவட்டம் என்று அதற்குப் பெயர்.
பழைய எல்லை ரயில் கிடங்கோடு முடிந்தது:
மூடிய முட்டை ஆலை, இரண்டு டயர் கடை,
தாரைப் பிளந்து புல் எழும்பிய கார் நிறுத்தம்.
வரப்போகிறது பட்டாணியிலிருந்து புரதம் பிரிக்கும் ஆலை,
மூன்று மைல் தள்ளி,
கிராடோச்விலின் மக்காச்சோள வயலில்.
நூற்று நாற்பது வேலை என்கிறார்கள்.
இன்னொரு தாளில் தொண்ணூறு என்று பார்த்தேன்.

மாவட்டம் துண்டு துண்டாய்க் கிடக்கக் கூடாது,
ஒட்டியிருக்க வேண்டும். சட்டம்.
எதைக் கொண்டு ஒட்டுவது?
பதினேழாம் எண் சாலையைப் பிடித்தேன்.
சாலையும் அதன் இரு ஓரப் பள்ளமும் மட்டும்:
அறுபத்தாறு அடி அகலம்.
மூன்று மைல் நூலாய் ஓடி
நுனியில் உப்பியது ஊதா.
திரையில் தள்ளி நின்று பார்த்தால்
ஒரு பலூன், அதன் கயிறு.
கயிற்றைப் பிடித்தபடி ஊர்.

வியாழன் இரவு ஏழு மணிக்குப் பொது விசாரணை.
ஆணையர்களின் அறையில் கூரை ஒழுகியதால்
தீயணைப்பு நிலையத்தில் நாற்காலி போட்டார்கள்.
வண்டி இரண்டும் வெளியே, நெப்ராஸ்கா நவம்பரில்,
மூக்கில் பனி படிய நின்றன.

மார்வெல்லா ஸ்டப் நாற்பது நிமிடம் விளக்கினார்:
நிலத்தின் இன்றைய மதிப்பு உறைந்து நிற்கும்.
அதற்கு மேல் விளையும் வரியெல்லாம்
தனிப் பானைக்குப் போகும்.
தண்ணீர்க் குழாய், மின்கம்பம், லாரி திரும்பும் வளைவு
எல்லாம் அந்தப் பானைச் சோறு.
இருபது ஆண்டு.

"இருபது ஆண்டு" என்றார் பள்ளிக் கண்காணிப்பாளர், எழாமலே.
"இப்போது முதல் வகுப்பில் இருப்பவளுக்கு
அப்போது இருபத்தாறு வயது.
எங்கள் கொதிகலனை எந்த விலையில் உறைய வைப்பீர்கள்?"

வெண்டெல் இம்ஹாஃப் தொப்பியைக் கழற்றினார்.
"என் வீடு உள்ளேயா, வெளியேயா?"
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் கொஞ்சம்.
வீடு வெளியே, ஐயா.
தபால் பெட்டி உள்ளே.
சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.
"சரி. கடுதாசியாவது வளரட்டும்."

கடைசியில் யெசேனியா பாரியென்டோஸ்.
முட்டை ஆலையில் எட்டு வருடம்;
அது மூடிய பிறகு
ஐம்பத்தொரு மைல் தள்ளி, இறைச்சி வெட்டும் கூடத்தில்.
வரியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.
"முதல் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு?"
நிறுவனத்து ஆள் தாளைப் புரட்டினார்.
தாளில் ஏக்கர் இருந்தது, கேலன் இருந்தது,
நாளொன்றுக்கு எத்தனை லாரி என்பதும் இருந்தது.
"பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு வர முடியுமா,
அதற்காகத்தான்" என்றார் யெசேனியா.
பார்த்துச் சொல்வதாக எழுதிக்கொண்டார்கள்.
எழுதிய பேனா மூடியதை நான் பார்த்தேன்.

நான்குக்கு ஒன்று என்று நிறைவேறியது.
அந்த ஒன்று, மார்வெல்லா ஸ்டப்.
நாற்பது நிமிடம் விளக்கியவர்
அதை மட்டும் விளக்கவில்லை.

கோப்பைச் சேமித்தேன்: இறுதி, மூன்றாம் பதிப்பு.

திங்கள் காலை பதினேழில் வந்தேன்.
கோடு எங்கும் தெரியவில்லை.
அறுத்த தட்டைகளுக்கு நடுவே
அளவைக்காரர் நட்ட ஆரஞ்சுக் கொடிகள்
காற்றில் படபடத்தன, அவ்வளவுதான்.
பிறகு இம்ஹாஃப் வீட்டு வளைவு.
தபால் பெட்டிக்கு ஊதாச் சாயம் அடித்திருக்கிறார்,
கம்பத்தோடு, கொடியோடு, அடி மண் வரை.
வண்டியை மெதுவாக்கினேன்.

நிறம் கொஞ்சம் தப்பு.
என்னுடையது இன்னும் வெளிர்.