நான் வைக்காத ஒன்று

தலைஞாயிறு தாண்டி, கடைசி மதகுக்குக் கீழே
வரப்போரம் வழித்தெடுத்த சேறு.
மாதிரி எண் நாற்பத்தொன்று.
அதிலிருந்த பாக்டீரியாவின் ஒரு நொதியை
வளர்த்து, உடைத்து, வடித்து
திருவாரூர்க் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன்.
மூன்று மாதம் அது ஒன்றுமே செய்யவில்லை.

சின்ன வேலைதான்.
இரண்டு ஜி.டி.பி.யை எதிரெதிராகக் கோத்து
ஒரு வளையம் பண்ண வேண்டும்.
அந்த வளையம் செல்லுக்குள் பெருகினால்
நீந்திக்கொண்டிருக்கும் உயிர்
வால் சுழற்றுவதை விட்டு
பசை கக்கி
நாற்றின் வேரில் ஒட்டிக்கொள்ளும்.

ஒற்றையாக அந்த வேலை ஆகாது.
ஒவ்வொன்றுக்கும் அரை வாய்தான்.
ஆளுக்கொரு ஜி.டி.பி.யை ஏந்தி
முகத்துக்கு முகம் வந்தால்தான் வினை.
அதற்கும் முன்னால்
தலைப்பக்கத்து அஸ்பார்டேட்டின் மேல்
ஒரு பாஸ்பேட் வந்து உட்கார வேண்டும்.
உட்கார்ந்ததும் தலைகள் திரும்பும், பிணையும்.

பாஸ்பேட் என்று சொல்லி
பெரிலியம் ஃபுளூரைடைக் கொடுத்து ஏமாற்றினேன்.
ஏமாந்தது.
ஜோடியும் சேர்ந்தது.
வேலை மட்டும் நடக்கவில்லை.

"செத்த சரக்கு, கொட்டிடு" என்றான் ஜெபநேசன்.
கொட்டவில்லை. படிகமாக்கினேன்.
நொய்யரிசியில் பாதிகூட இல்லாத ஊசிகள்,
இரண்டு முறை மின்சாரம் போயும் கரையாதவை.

வரைபடம் வந்தது ஒரு செவ்வாய் பின்னிரவில்.
கொசுவத்தி முக்கால் எரிந்திருந்தது.
திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்,
வாய்க்குப் பின்புறம், கழுத்தடியில்
பச்சை வலைக்குள் ஒரு கட்டி.
நான் வைக்காத ஒன்று.

வளையம்.
ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு.
அது செய்த வளையங்களே
திரும்பி வந்து கொல்லைப்புறம் ஏறி
இரு முகங்களையும்
சேரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

நான் வடித்தெடுக்கும் முன்பே
போதுமான அளவு செய்து முடித்து
போதும் என்று சொல்லியிருக்கிறது.
நான்தான் அதைச் செத்ததாகக் குறித்து வைத்திருந்தேன்,
நோட்டில், சிவப்பு மையில்.

மறுநாள்
வளையத்தை வெட்டும் இன்னொரு நொதியால்
பூட்டை அரித்தெடுத்தேன்.
கழுவி, ஜி.டி.பி. ஊற்றி, காத்திருந்தேன்.
பதினோராம் நிமிடம்
கோடு எழுந்தது.
ஜெபநேசன் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கி வந்தான்.

சேறு எடுக்க மதகடி காட்டிய
லஸ்கர் பக்கிரிசாமிக்கு போன் போட்டேன்,
வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல்.
போதும் என்று தானே நிறுத்திக்கொள்ளும் ஒன்று
உங்கள் மண்ணில் இருக்கிறது என்றேன்.

சிரித்தார்.
"ஜூன்ல வந்து பாருங்க,
ஒரு வாய் அந்த வார்த்தைய சொல்லாது.
ஐப்பசி கார்த்திகைல வாங்க,
அதத் தவிர வேற பேச்சே இருக்காது.
நிறுத்தத்தான் ஆளில்ல."

பிறகு, தண்ணீர் வந்துவிட்டதாகவும்
நான் குச்சி நட்ட இடம்
முழங்கால் ஆழத்தில் இருப்பதாகவும் சொன்னார்.
பின்னால் ஷட்டர் சக்கரம் கிறீச்சிட்டது.
இரண்டு பேர் சேர்ந்து சுற்றுகிறார்கள் போலிருந்தது.