முப்பத்தாறு பெட்டி ஐஸ்

நான் படித்தது முகில்.
கடல் எனக்குக் கந்தோர் வழியாகத்தான் வந்தது:
ஒரு நியமனக் கடிதம், ஒரு மேசை,
பண்ணைப் பாலத்தைப் பார்த்த யன்னல்,
எஞ்சின் பழுதான ஆய்வுப் படகு.

"முகில்காரியைப் பணிப்பாளர் ஆக்கியாச்சு,
இனி மீன்பிடிக்க ஏணிதான் வேணும்"
முதற் கூட்டத்தில் பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்.
ஒலிவாங்கி போட்டிருந்தது.
எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.
பிறகு டீசல் கோரிக்கையில் கையொப்பமிட்டேன்.
பதினொரு வருடமாக
பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

தொண்ணூற்றிரண்டில் பற்றரிக்குத் தடை.
பல்கலைக்கழக மொட்டை மாடியில்
ஈரக்குமிழ் வெப்பமானிக்குத் திரி இல்லை.
பழைய பள்ளிக்கூடச் சட்டையின் கொலரைக் கிழித்துச் சுற்றினேன்.
இரவு வாசிப்பு ஜாம்போத்தல் விளக்கில்.
மேலே விமானம் வட்டமிட்டால்
விளக்கை ஊதிவிட்டு இருட்டில் குந்தியிருப்பேன்.
அந்த வாசிப்புகளுக்கு நேரே
"தாமதம்" என்று மட்டும் இருக்கிறது.
காரணம் எழுத அந்தப் படிவத்தில் பத்தி இல்லை.

பிறகு ஒரு குளிர்தேசம். ஐந்து வருடம்.
கடலிடம் காற்று எவ்வளவு வெப்பம் வாங்குகிறது
என்பதுதான் ஆராய்ச்சி.
பேராசிரியர் அதற்குச் சொன்ன சொல் நாவில் ஒட்டவில்லை.
என் கொப்பியில் "கைமாற்று" என்று எழுதினேன்.
சாட்சி இல்லை, பத்திரம் இல்லை.
கடல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.
வாங்கியவன் கார்த்திகையில் வந்து
கொடுத்தவளின் கரையையே உடைப்பான்.

போன கார்த்திகையிலும் அமுக்கம் இறங்கியது.
கணினி மூன்று கோடு கீறிற்று,
இரண்டு நெடுந்தீவுக்கு மேலால்.
"ஒருவரும் இறங்க வேண்டாம்" என்றேன்.
குருநகரிலிருந்து மயிலிட்டி வரை
வள்ளங்களை ஏற்றிக் கட்டினார்கள்.
அது இரவோடிரவாக வடக்கே திரும்பிப் போய்
வேதாரணியத்தில் கூரைகளைக் கழற்றியது.
எங்களுக்கு நிலா.
கடல் சலவைக்குப் போய்வந்த வேட்டிபோல் கிடந்தது.

மூன்றாம் நாள் எமிலியாம்பிள்ளை வந்தார்,
சங்கத்துச் செயலாளர்.
செருப்பை வாசலில் விட்டுவிட்டுக்
கொப்பித்தாள் ஒன்றை நீட்டினார்.
ஐஸ் முப்பத்தாறு பெட்டி, உருகினது.
கூலி, ஒன்பது பேர்.
அடியில் இரண்டு கோடு போட்டுக் கூட்டுத்தொகை.
"சண்டைக்கு வரேல்லை, டொக்டர்.
உங்கட கணக்கு எங்களுக்குத் தெரியுது.
எங்கட கணக்கும் உங்களுக்குத் தெரியவேணும்."

பாதீட்டைப் புரட்டினேன்.
மிதவைக்கு உண்டு. மிதவை காணாமற் போனால் அதற்கும் உண்டு.
வரவேற்பறைப் பூச்சாடிக்குக்கூட ஒரு தலைப்பு உண்டு.
வராத புயலுக்கு இல்லை.

அந்தத் தாளைத் தரவுப் பதிவேட்டில்
அன்றைய அமுக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
"இது என்ன?" என்றார் கணக்காய்வாளர்.
"அவதானிப்பு."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
அடுத்த பக்கத்துக்குப் போனார்.

முன்னறிவிப்பில் எண்பத்தொரு வீதம் சரி என்று
ஆண்டறிக்கை வழவழத்த தாளில் சொல்கிறது.
மிச்சப் பத்தொன்பதும்
யாரோ ஒருவருடைய பெட்டியில் உருகிக்கொண்டிருந்ததை
அட்டைப்படத்தில் எப்படிப் போடுவது?

நேற்றுக் கந்தோரிலேயே படுத்திருந்தேன்.
விடியப்புறம் மூன்று மணிக்குத் தொலைபேசி.
"எப்பிடி, போகலாமோ?"
திரையில் மஞ்சள்.
வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன்.
"பத்துக்கு ஆறு, காற்று எழும்பும்" என்றேன்.
இத்தனை வருடத்தில்
எண்ணை எண்ணாகவே ஒருவரிடம் கொடுத்தது அதுதான் முதல்.

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.
கரையில் குரல்கள், ஒரு சிரிப்பு,
தகரம் இழுபடும் சத்தம்.
பிறகு எமிலியாம்பிள்ளை:
"அப்ப நாலு வள்ளம் போகட்டும்."

யன்னலைத் திறந்தேன்.
பண்ணைக்கு அப்பால் வெளிச்சம்
ஒன்று. இரண்டு.
கொஞ்சம் பொறுத்து மூன்று.

முகில் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது
என்று பிரிக்க முடியாத கறுப்பில்
நாலாவதைத் தேடிக்கொண்டு நிற்கிறேன்.
மேசையில் கையொப்பத்துக்கு டீசல்.