எண்பத்தெட்டு

மூன்றாம் சுற்றுக்கு முன் வந்த தாளில்
ஃபைப்ரினோஜன் எண்பத்தெட்டு.
"இன்னிக்கு வேணாம். கழுத்துக் கொழாயிலயும்
கை வெக்காதீங்க.
நாளைக்கு அல்புமினோட பிளாஸ்மாவும் ஏத்திக்கலாம்."

எந்திரத்துக்கு
வியாதியை மட்டும் பிரிக்கத் தெரியாது.
உறையும் குணத்தையும் சேர்த்தே
மஞ்சளாய்ப் பையில் இறக்கிவிட்டது.

ஐஸ் பார் தூக்கிய தோள்
அசையாமல் கிடக்கிறது.
இன்னாசிக்குப் பல் துலக்கப் பஞ்சுதான்.
சவரம் கிடையாது.
கொசுவைக்கூட அடிக்காமல்
ஊதி விரட்டுகிறாள் சலேத்.

காலையில் காசிமேட்டில்
கெளுத்தி முள் கிழித்த அவள் விரல்
பஸ் கல்மண்டபம் தாண்டுமுன்னே
தானாய்க் காய்ந்துவிட்டதாம்.
என்னிடம் மட்டும் சொன்னாள்.

விரலை முந்தானைக்குள் வைத்திருக்கிறாள்,
கையில் காசு இருந்தும்
கடன் இல்லை என்றவள்போல.